கழல மறுக்கும் பேரிங்: பழைய வெஸ்பாவின் முன்சக்கரத்துக்குள் ஓர் அறிவியல் பாடம்

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் தாத்தாவின் வெஸ்பாவை மறுபடியும் சாலையில் ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை இன்று பல இளைஞர்களுக்கு உண்டு. மலேசியாவில் 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால், படிவம் 4, 5 மாணவர்களுக்கும் இந்த ஆசை எட்டாத தூரத்தில் இல்லை. ஆசைப்படுகிறவர்கள் முதலில் பேசுவது இன்ஜினைப் பற்றித்தான். கார்புரேட்டரைக் கழுவினோம், பிளக்கை மாற்றினோம், 'உதைத்தவுடன்' ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பார்கள். முன்சக்கரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அது சுற்றுகிறது அல்லவா, போதும் என்று விட்டுவிடுவார்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநரைக் காப்பாற்ற வேண்டியது முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஹப்பும்தான். ஹப்புக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்திருந்தால் சக்கரம் ஆடும். ஆயில் சீல் கிழிந்திருந்தால் கிரீஸ் கசிந்து பிரேக் ஷூவில் படியும்; பிறகு பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். எனவே ஓடாத வண்டியை ஓட வைப்பதற்கு முன், ஓடும் வண்டியை நிறுத்த முடியுமா என்று பார்ப்பதே முறை.

ஹப்பைத் திறந்தவுடன் ஓர் உண்மை தெரியவரும். புதிய பாகங்களை மாட்டுவது அரை நாள் வேலை. பழைய பாகங்களைக் கழற்றுவதுதான் வேலையே. இருபது முப்பது ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்த பேரிங்கும் பின்னும் எளிதில் வெளியே வந்துவிடாது. பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தால் வருவது பெரும்பாலும் பேரிங் அல்ல, ஹப்பின் ஒரு துண்டு! அந்த ஹப் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. விரிசல் விட்டால் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

வெஸ்பாவை வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ என்ற இத்தாலிய விமானப் பொறியாளர். பியாஜியோ நிறுவனம் 1946 ஏப்ரலில் அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தது. தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள்கள் பிடிக்காது. டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற எவ்வளவு பாடு என்று அவர் யோசித்தார். விமானத்தின் தரையிறங்கும் சக்கரம் ஒரு பக்கத்துக் காலில் மட்டும் நிற்பதுபோல, வெஸ்பாவின் முன்சக்கரத்தையும் ஒரே பக்கத்தில் தாங்க வைத்தார். அதனால்தான் காரின் சக்கரத்தைப் போல ஐந்து நட்டுகளைக் கழற்றி வெஸ்பாவின் சக்கரத்தை எடுத்துவிடலாம்.

1977-இல் வெளிவந்த பிஎக்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். டிரம் பிரேக் உள்ள வண்டி. சக்கரத்தை எடுத்தால் பிரேக் டிரம் தெரியும். டிரம்மின் நடுவில் உள்ள பல்வரிசை, அச்சின் பல்வரிசையில் கோத்து நிற்கும். டிரம்மை எடுத்தால் பிரேக் ஷூக்கள். அவற்றைத் தாங்கும் அலுமினிய வார்ப்புதான் ஹப். அச்சு அந்த ஹப்புக்குள் ஒரு பந்து பேரிங்கிலும் ஓர் ஊசி பேரிங்கிலும் சுழல்கிறது. ஹப்போ, முன்காலின் அடியில் ஒரு எஃகுப் பின்னைப் பற்றிக்கொண்டு ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடுகிறது. அந்தப் பின்னுக்கும் இரண்டு முனைகளிலும் ஊசி பேரிங்குகள், அவற்றை மூடத் தகர மூடிகள். குழியில் இறங்கி ஏறும்போது ஆட்டத்தைத் தாங்குவது ஸ்பிரிங் என்றாலும், எல்லா அடியும் இந்தப் பின் வழியாகத்தான் போகிறது.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பிடிவாதம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. எது காரணம் என்று தெரியாமல் கை வைத்தால் வேலை கெடும்.

முதலாவது, அந்தப் பாகம் தொழிற்சாலையிலேயே இறுக்கமாகத்தான் பொருத்தப்பட்டது. பேரிங்கின் வெளிவட்டம், அது உட்காரும் துளையைவிட இம்மி பெரியதாக இருக்கும். அழுத்தி உள்ளே செலுத்திவிட்டால் திருகாணி எதுவும் இல்லாமலே நிற்கும்.

இரண்டாவது, துரு. படிவம் 5 வேதியியலில் ரெடாக்ஸ் பாடத்தில் இரும்பு துருப்பிடிப்பதைப் படிக்கிறீர்கள். அந்தப் பாடத்தோடு ஒரு தகவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரும்பு ஆக்சைடாக மாறும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே நூலிழை இடைவெளியில் இந்த மாற்றம் நடந்தால், துரு ஆப்பு அடித்ததுபோல இரண்டையும் நெருக்கிவிடும்.

மூன்றாவதுதான் ஹப்பில் அதிகம் காணப்படுவது. எஃகு பேரிங், அலுமினிய ஹப், நடுவே மழைநீர். மின்வேதியியல் வரிசையில் அலுமினியம் இரும்பைவிட மேலே இருக்கிறது. எனவே அலுமினியம் தன் எலக்ட்ரான்களை இழந்து அரிக்கிறது. எஃகு ஓரளவு தப்பிக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் இரண்டு உலோகத் தகடுகளை உப்புக் கரைசலில் வைத்து மின்கலம் செய்தீர்களே, அதே மின்கலம்தான் ஹப்புக்குள் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இயங்கியிருக்கிறது. கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால் வேகம் கூடும். பேரிங் ஓரத்தில் வெள்ளை மாவு போல ஏதாவது படிந்திருந்தால், அது அலுமினியம் அரித்ததன் அடையாளம். அதுவும் இடத்தை அடைத்துக்கொண்டு பேரிங்கை இறுக்குகிறது.

கை வைக்கும் முன்

வண்டியை உறுதியாக நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டை நம்பி முன்காலைக் கழற்றுவது ஆபத்து. சக்கரத்தை எடுக்கும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை: வெஸ்பாவின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்துச் செய்தது. சக்கரத்தை டிரம்மோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். சந்தேகம் இருந்தால் காற்றை முழுதாக இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

டிரம்மைத் திறந்தவுடன் உள்ளே கறுப்புத் தூசு இருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

அடுத்து, வேகமானியின் கம்பியையும் அதன் முனையில் உள்ள சிறிய பல்சக்கரத்தையும் வெளியே எடுங்கள். அது அச்சின் திருகுப் பல்லோடு கோத்திருக்கும். இதை மறந்து அச்சைத் தட்டினால் பல் முறியும். பிறகு சர்க்லிப் எல்லாம் வந்துவிட்டனவா என்று துணியால் துடைத்து, விளக்கடித்துப் பாருங்கள். அழுக்குக்குள் மறைந்திருக்கும் சர்க்லிப்பை விட்டுவிட்டுப் பேரிங்கோடு மல்லுக்கட்டுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற கூத்து.

எண்ணெயும் காத்திருத்தலும்

எல்லார் வீட்டிலும் நீலமும் மஞ்சளுமாக ஒரு டப்பா இருக்கும்: டபிள்யூடி-40. அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் 'நீரை விலக்குதல்' என்பதன் சுருக்கம். 40 என்பது நாற்பதாவது கலவை என்பதைக் குறிக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், துரு பிடிக்காமல் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. ஏற்கெனவே துரு ஏறிய நட்டைக் கழற்ற, இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்பதை வாங்குவது நல்லது. எதுவாக இருந்தாலும் தெளித்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனரைப் போடக்கூடாது. இரவு தெளித்து, காலையில் மறுபடி தெளித்து, லேசாகத் தட்டி, மாலையில் முயலுங்கள். தட்டுவது வீண் வேலை இல்லை. அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கிறது.

நட்டு, போல்ட்டுக்கு இது பெரும்பாலும் போதும். அழுத்திப் பொருத்திய பேரிங்குக்குப் போதாது. அங்கே எண்ணெய் நுழைய வழியே இல்லை.

சூடு செய்யும் வேலை

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. சூடானால் உலோகம் விரியும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. எஃகு 12 பங்குதான். பேரிங் உட்காரும் துளை 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஹப்பை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.092 மில்லிமீட்டர் பெரிதாகும். உள்ளே இருக்கும் எஃகு பேரிங்கும் அதே சூட்டை எட்டினால் 0.048 மில்லிமீட்டர் பெரிதாகும். வித்தியாசம் 0.044 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் பேரிங்கைப் பிடித்து வைத்திருந்த இறுக்கமும் அந்த அளவில்தான் இருக்கும். நன்றாகச் சூடான ஹப்பை மரப்பலகையில் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால், சில நேரம் பேரிங் தானாகவே விழுந்துவிடும். ஓங்கி அடித்தும் அசையாத பாகம் சத்தமில்லாமல் விழுவதைப் பார்த்தவர்கள் அந்தச் சமன்பாட்டை மறக்கமாட்டார்கள்.

துளை பெரிதாகுமா, சிறிதாகுமா என்று சிலருக்குக் குழப்பம் வரும். உலோகம் எல்லாப் பக்கமும் விரிவதால் துளை சிறுக்கும் என்று நினைப்பார்கள். இல்லை. ஒரு நிழற்படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள ஓட்டையும் பெரிதாகும் அல்லவா, அதுபோலத்தான்.

எப்படிச் சூடாக்குவது? ஹீட் கன் எனப்படும் சூடான காற்றை ஊதும் கருவி மாணவர்களுக்குப் பாதுகாப்பானது. ஹப்பைச் சுற்றிச் சுற்றிப் பரவலாகக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு நீரை விட்டால் 'சுர்' என்று உடனே ஆவியாக வேண்டும்; அந்தச் சூடு போதும். கேஸ் டார்ச்சைப் பிடிக்கும் ஆசை வரும். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே செக்கச் சிவந்து எச்சரிக்கும். அலுமினியத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 660 டிகிரியில் உருகும் அந்த உலோகம், அதன் கலவைகள் இன்னும் முன்னதாகவே, நிறம் மாறாமல் நின்று திடீரென்று சரிந்துவிடும். அம்மாவின் ஓவனையும் விட்டுவிடுங்கள். பழைய கிரீஸின் வாடை பிறகு கேக்கிலும் வரும்.

இன்னொன்று: பிரேக் சுத்தம் செய்யும் சில திரவங்களில் குளோரின் சேர்மங்கள் உண்டு. அந்த ஈரத்தோடு தீயைக் காட்டினால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். திரவத்தைத் தெளித்தால் முழுதாகக் காயவிட்டுப் பிறகே சூடு. பெட்ரோல் டாங்கு பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தியலைவிட ஸ்பேனர்

ஊஞ்சல் பின்னைக் கழற்றுவது இந்த வேலையிலேயே கடினமான கட்டம். முதலில் முனைகளில் உள்ள மூடிகளை நடுவில் துளையிட்டு நெம்பி எடுக்க வேண்டும். அவை எப்படியும் புதிதாகப் போடவேண்டியவைதான். பிறகு பின். பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் அடியின் விசை பின்னுக்கு மட்டும் போவதில்லை. ஹப்பின் காதும் முன்காலும் அதை வாங்குகின்றன. காது உடையும், கால் வளையும்.

பட்டறைகளில் இதற்கென்று புல்லர் வைத்திருப்பார்கள். அதன் தத்துவம் எளிது. ஒரு நீண்ட போல்ட், ஒரு பக்கம் பின்னைவிடச் சிறிய குழல், மறுபக்கம் பின்னை உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய குழல். நட்டை முறுக்கினால் சிறிய குழல் பின்னைத் தள்ளும். பின் பெரிய குழலுக்குள் நகரும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 20 சென்டிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு, பத்துக் கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உராய்வில் பெரும்பகுதி வீணான பிறகும் போல்ட்டின் இழுவிசை சுமார் 8 கிலோநியூட்டன் வரும். முக்கால் டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பின்னின் மேல் நேராக, அசையாமல், வேறு எங்கும் அடிபடாமல் வைத்ததற்குச் சமம். இதை எந்தச் சுத்தியலும் செய்யாது. முறுக்கிய நிலையில் சூடு காட்டி, போல்ட்டின் தலையில் ஒரு சிறு தட்டு தட்டினால் 'டக்' என்று ஓசை வரும். பின் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சமயத்தில் பேரிங் பிளந்து, வெளிவட்டம் மட்டும் துளைக்குள் மாட்டிக்கொள்ளும். பிடிக்க விளிம்பே இருக்காது. வெல்டிங் தெரிந்தவர்கள் அந்த வட்டத்தின் உள்சுவரில் ஒரு வரி வெல்டிங் ஓட்டுவார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, வட்டத்தையும் சேர்த்து உள்பக்கம் இழுக்கும். ஆறியதும் அது கையோடு வந்துவிடும். இதை நீங்கள் செய்ய வேண்டாம். செய்பவரிடம் ஹப்பை எடுத்துச் செல்லுங்கள், பக்கத்தில் நின்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

மூடிய துளையில் சிக்கிய புஷ்ஷை எடுக்க இன்னொரு வேடிக்கையான வழி உண்டு. துளையில் கிரீஸை நிரப்பி, புஷ்ஷுக்குள் கச்சிதமாகப் பொருந்தும் கம்பியை வைத்து அடிப்பார்கள். பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவி, புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளும். கிரீஸ் இல்லாவிட்டால் ஈரமான ரொட்டித் துண்டையே திணிப்பவர்களும் இருக்கிறார்கள். ஊசி பேரிங்கில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ஊசிகளுக்கு நடுவே எல்லாம் பிதுங்கி வந்துவிடும்.

போல்ட் உள்ளேயே முறிந்துவிட்டால் பலரும் முதலில் தேடுவது எதிர்த்திருகு போட்ட எக்ஸ்ட்ராக்டர். என்னைக் கேட்டால் அது கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. அது மிகக் கடினமான எஃகு. முறிந்து உள்ளே நின்றால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. முறிந்த போல்ட்டின் தலையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருகுவது பல நேரங்களில் மேல். வெல்டிங்கின் சூடும் சேர்ந்து உதவுகிறது.

திரும்பப் பொருத்தும்போது

கழற்றிய பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி போடாதீர்கள். கழற்றும் விசை பந்துகள் வழியாகப் போயிருந்தால் தடத்தில் நுண்ணிய குழிகள் விழுந்திருக்கும். ஆயில் சீல், சர்க்லிப், பிளவு ஊசி எல்லாமே புதிது. இவற்றில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி அதே வேலையைச் செய்வார்கள்.

புதிய பேரிங்கை இரவு முழுதும் பிரீசரில் வையுங்கள், ஈரம் படாமல் பையில் கட்டி. ஹப்பை முன்போலச் சூடாக்குங்கள். ஒன்று சுருங்க, ஒன்று விரிய, பேரிங் கை அழுத்தத்திலேயே இறங்கிவிடும். தட்ட வேண்டியிருந்தால் வெளிவட்டத்தில் மட்டும் தட்டுங்கள். திருகுகளில் செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். அது பிரேக் ஷூவில் மட்டும் படக்கூடாது. நட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை வண்டியின் பட்டறைக் கையேட்டில் பார்த்து, டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். முன்சக்கரம் என்பதால், சாலையில் இறக்கும் முன் அனுபவமுள்ள போமன் ஒருவரிடம் காட்டிவிடுவது அவசியம்.

இந்த வேலையில் கை ஊறியவர்களுக்கு மலேசியாவில் படிப்பு வழியும் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்தபின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் நிலைகளைக் கடந்து, டிப்ளோமா வரை போகலாம். நேர்காணலில் மதிப்பெண் தாளோடு, நீங்கள் கழற்றி மாட்டிய ஹப்பின் படங்களையும் காட்டலாமே.

கடைசியாக, கழற்றிய ஊஞ்சல் பின்னை எறிந்துவிடாதீர்கள். கழுவித் துடைத்து, நகத்தால் அதன் மேல் குறுக்கே தடவிப் பாருங்கள். வரிவரியாகப் பள்ளங்கள் தட்டுப்படும். அச்சில் உள்ள பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் தேய்மானம் பரவிவிடும். இந்தப் பின்னோ சில டிகிரிதான் ஆடியது. அதனால் ஒவ்வோர் ஊசியும் ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை குத்திக்குத்தித் தனக்கென்று ஒரு குழி தோண்டியிருக்கிறது. பள்ளங்களை எண்ணினால், உள்ளே எத்தனை ஊசிகள் இருந்தன என்பதைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.